வெங்காயத் தோல் நிறத்தில் ஒரு வைன்

இன்று காலை எங்கள் ஆரணி சேவைச் சங்கத்தின் ஆன்லைன் கூட்டம். வைன் பற்றிப் பேச பெங்களூருக்காரர் ஒருவரை அழைத்திருந்தேன். செயலாளர் நான்தான், பழி வந்தாலும் எனக்குத்தான்.

"நம்ம ஊர்ல இதெல்லாம் தேவைங்களா மேடம்?" என்று ஒரு வாரமாக முனகிக்கொண்டிருந்தார் சங்கத் தலைவர் பாஸ்கரன். பட்டுப் புடவைக் கடைக்காரர்.

"யாரையும் குடிக்கச் சொல்லலைங்க. கேக்கத்தான் சொல்றேன்" என்றேன்.

எல்லோரும் வந்தார்கள். ஒருவர்கூட கேமராவைத் திறக்கவில்லை.

பேச்சாளர் கோப்பையைத் தூக்கிக் காட்டி, "இது என்ன கலர்? சிவப்புன்னு மட்டும் சொல்லாதீங்க" என்றார்.



ஒரே ஒரு குரல் மட்டும் வந்தது. "வாசல் வெளிச்சத்துல காட்டுங்க சார்."

புடவையை அப்படிப் பார்த்தே பழகிய ஊர். அவரும் மறுக்காமல் ஜன்னல் பக்கம் போனார்.

"நடுவுல அரக்குங்க. ஓரத்துல வெங்காயத் தோல் கலர் அடிக்குது பாருங்க" என்றது அதே குரல்.

பேச்சாளர் அசந்துபோனார். "பழைய வைனான்னு தெரிஞ்சுக்க நாங்க பாக்கிறதே அந்த ஓரத்தைத்தான்! எத்தனை வருஷமா குடிக்கிறீங்க?"

பதறிப்போய்க் கேமராவைத் திறந்தவர் நம் தலைவர்.

"ஐயோ சார், நான் புடவைதான் பாத்துகினு இருக்கேன்! குடிக்கிறவன் இல்ல!"

அவருக்குப் பின்னால், இடுப்பில் கைவைத்தபடி அவர் மனைவி.

என்னைக் கேட்டால், கூட்டம் அமோக வெற்றி.

ரெக்கார்டிங்கை அழிக்கச் சொல்லித் தலைவர் மூன்று முறை போன் செய்துவிட்டார். உடனே அனுப்பச் சொல்லி அவர் மனைவி மெசேஜ் போட்டிருக்கிறார்.

ஒரு செயலாளர் யார் பேச்சைக் கேட்க வேண்டும்? சங்க விதிமுறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.