மாட்டுத் தீவனம் என்று எழுதிய கோதுமை

பிரெஞ்சு பேசும் எங்கள் நகரின் கிழக்குக் கோடியில் ஒரு மாவாலையின் பரிசோதனைக் கூடத்தில் ஆறு ஆண்டுகள் வேலை செய்தேன். லொறிகளில் வரும் கோதுமையை அள்ளிச் சோதித்து, மாவுக்கு ஆகும், ஆகாது என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஓர் ஆண்டு கதிர் பூக்கும் நாட்களில் விடாமல் மழை. அறுவடை முடிந்ததும் ஆற்றுக்குத் தெற்கேயிருந்து ஒரு விவசாயி லொறியோடு வந்தார். அறுபது வயதிருக்கும். வழமையாக எல்லைக்கு அப்பால், அடுத்த நாட்டில் ஒரு பேக்கரிக்கு விற்பவர். இரு நாடுகளின் இறக்குமதி வரிச் சண்டைக்குப் பயந்து அவர்கள் வாங்குவதைக் கைவிட்டுவிட்டார்களாம்.

சில மணிகள் சுருங்கி வெளிறி இருந்தன. பூஞ்சை. அதன் நஞ்சு அனுமதித்த அளவைச் சற்றுத் தாண்டியிருந்தது. ஆனால் கெட்ட மணிகள் பாரம் குறைந்தவை. காற்றடித்துப் பிரிக்கும் எங்கள் இயந்திரத்தில் விட்டால் மிச்சம் நல்ல கோதுமை.

கொள்முதல் மேலாளர் சென்னைக்காரர்.

“சேர், துப்புரவாக்கினா பாவிக்கலாம். அந்தாளிட்டைச் சொல்லட்டோ?” என்று கேட்டேன்.

“எதுக்கு? மேற்கு மாகாணங்கள்ல இருந்து ரயில்ல வர்ற கோதுமையே நமக்குப் போதும். மாட்டுத் தீவனத்துக்குத்தான் ஆகும்னு எழுதுங்க. அந்த விலைக்கு நாமளே எடுத்துக்கலாம்.”

“பேந்து?”

“அப்புறம் சுத்தம் பண்ணி அரைச்சுக்கலாம்மா.”

எழுதினேன். விவசாயி தாளை இரண்டு முறை வாசித்தார். வேறு வழியே இல்லையா என்று பிரெஞ்சில் கேட்டார். இல்லை என்றேன். அவர் வெளியே போய் லொறியில் சாய்ந்து நின்று அழுதார். மேலாளர் கண்ணாடி வழியே பார்த்து, “நல்லா நடிக்கிறாரு,” என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

மறுநாள் அதே கோதுமையைத் துப்புரவாக்கிக் கொண்டுவந்தார்கள். சோதித்து, மாவுக்கு ஆகும் என்று எழுதினேன்.

அடுத்த கோடையில் நகரின் ஜான்-டலோன் உழவர் சந்தையில் அந்த விவசாயி சோளம் விற்றுக்கொண்டிருந்தார். என்னை மறக்கவில்லை. கோதுமையை விட்டுவிட்டாராம், வயலில் பாதி கைமாறிவிட்டதாம்.

“பிழை என்னுடையதா, மண்ணுடையதா என்று குளிர்காலம் முழுக்க யோசித்தேன். நீங்கள்தானே பார்த்தீர்கள், அவ்வளவு மோசமாகவா இருந்தது?”

மேலாளர் பக்கத்தில் இல்லை. உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

“மிகவும் மோசம்,” என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு, பின்னால் நின்ற பெண்ணுக்குச் சோளம் எடுத்துக் கொடுக்கத் திரும்பினார்.