நீவெஸின் திங்கட்கிழமை

வெனிஸில் ஒந்தினாவின் அடுக்களை ஜன்னலுக்கும் எதிர்வீட்டு நீவெஸின் ஜன்னலுக்கும் நடுவே ஒரே துணிக்கொடிதான். இரண்டு பக்கமும் கப்பி. யாராவது கயிற்றை இழுத்தால் சந்து முழுக்கக் கேட்கும்படி கத்தும். திங்கட்கிழமை நீவெஸின் துணி, வியாழக்கிழமை ஒந்தினாவின் துணி. இருவரும் கல்யாணமாகி அந்தச் சந்துக்கு வந்த காலத்து ஏற்பாடு. புருஷன்மார் போய்ச் சேர்ந்த பிறகும் அது மாறவில்லை.

ஒந்தினாவுக்குச் சாவி கொடுக்கும் வேலை. ருஜேரோ என்பவன் நாள் வாடகைக்கு விடும் வீடுகளுக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களைப் படகுத் துறையில் போய்ப் பார்த்து, பெட்டிகளைப் பாலம் பாலமாகத் தூக்கக் கைகொடுத்து, கதவைத் திறந்துவிடுவாள். பாலத்துப் படியில் உட்கார்ந்து சாப்பிடாதீர்கள், குழாய்த் தண்ணீரே குடிக்கலாம், கடல் தண்ணீர் சந்துக்குள் ஏறினால் போட்டுக்கொள்ள ரப்பர் பூட்ஸ் கதவுக்குப் பின்னால் இருக்கிறது என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லுவாள்.

"இன்னைக்கு எந்த ஊரு ஜனங்கடி?" என்று நீவெஸ் ஜன்னலிலிருந்து கேட்பாள்.

"தெரியல. பெட்டியப் பாத்தா வீட்டையே பேத்து எடுத்துட்டு வந்த மாதிரி இருக்கு."

"அப்ப திரும்பிப் போக மாட்டாங்க. நமக்குத் துணையாச்சு."

போன இலையுதிர் காலத்தில் நீவெஸ் வாடகைக்குக் குடியிருந்த வீட்டையும் வெளிநாட்டுக்காரர்களுக்கு விட ருஜேரோ வாங்கிவிட்டான். நீவெஸ் கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம், மெஸ்த்ரேயில் இருக்கும் மகன் வீட்டுக்குக் கிளம்பினாள்.

"என் திங்கக்கிழமைய யாருக்கும் குடுத்துடாதடி. அங்க ஒத்துவரலேன்னா வந்துடுவேன்."

"வந்து எங்க இருப்ப?"

"உன் அடுக்களையில. குறட்டை விட மாட்டேன்."

குளிர்காலம் முழுக்க ஒந்தினா திங்கட்கிழமைகளில் கொடியைத் தொடவில்லை. மழையில் நனைந்த துணியை நாற்காலி முதுகில் போட்டுக் காயவைத்தாள்.

வசந்தம் வந்ததும் ருஜேரோ வந்தான்.

"கொடி ஏன்க்கா சும்மா கிடக்கு? வர்றவங்க இதத்தான் படம் எடுக்குறாங்க. தினம் நாலு துணி தொங்கட்டும். வெள்ளையா இருந்தா நல்லது."

"திங்கக்கிழமை மட்டும் வேணாம்ப்பா. அது நீவெஸ் நாளு."

அவன் சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை. "அவங்கதான் போயிட்டாங்களே. திங்கக்கிழமைதான் புது ஆளுங்க வர்றாங்க. முடியலேன்னா சொல்லுங்க, என் மச்சினி இந்த வேலையக் கேட்டுட்டு இருக்கா."

ஒந்தினாவும் வாடகைக்குத்தான் இருந்தாள். வேலை போனால் அவளும் நீவெஸைப் போலக் கடல் பாலத்தைத் தாண்ட வேண்டியதுதான்.

அடுத்த திங்கட்கிழமை காலையில் அவள் ருஜேரோ கொடுத்த வெள்ளைப் போர்வைகளைக் கொடியில் மாட்டினாள். எதிர் ஜன்னலில் ஒரு இளம் ஜோடி கையசைத்தது. அவளும் அசைத்தாள். போன் அடித்தது. நீவெஸ்தான்.

"அங்க வெயிலா?"

"நல்ல வெயில்."

"இங்க பால்கனியில துணி போட்டா மருமகளுக்குப் பிடிக்கல. எல்லாம் மெஷின்லயே காயுது." பிறகு கேட்டாள்: "கொடியில என்னடி தொங்குது?"

எதிர் ஜன்னல் ஜோடியில் அந்தப் பெண் விளையாட்டாகக் கயிற்றை இழுத்துப் பார்த்தாள். கப்பி கத்தியது. போர்வைகள் அந்தப் பக்கம் நகர்ந்தன.

"ஒண்ணும் தொங்கல," என்றாள் ஒந்தினா. "இன்னைக்கு உன் நாளுல்ல."

"கப்பிக்குக் கொஞ்சம் எண்ணெய் விடு," என்றாள் நீவெஸ். "இங்க வரைக்கும் கத்துது."