சந்தனம் ஒட்டிய திருகு

என் மேசை இழுப்பறையில் ஒரு கண்ணாடித் திருகு கிடக்கிறது. சுண்டுவிரல் நீளம்தான். ஒரு பெரிய குடுவையைத் திறந்து மூடப் பயன்பட்டது. குடுவை சுக்குநூறானபோது இது மட்டும் முழுசாகத் தப்பியது. விரலால் பிடித்துத் திருப்பும் இதன் காதில் பழுப்பேறிய சந்தனம் இன்னும் ஒட்டியிருக்கிறது. அதை வைத்தவன் நான்தான்.

அறுபதுகளின் கடைசியில் காரைக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். அங்கே வந்து சேர்ந்த விரிவுரையாளர் என்னைவிட நாலு வயது இளையவர், பொற்கொல்லர் வீட்டுப் பிள்ளை. ஊதுகுழல் பிடித்த குடும்பம் என்பதால் கண்ணாடியை உருக்கிக் குழாயும் குடுவையும் தானே செய்துகொள்வார். அந்தக் கைகளில் இருந்த பொறுமையில் அரைக்கால் பங்குகூட வாயில் கிடையாது. பியூரெட் குழாயை உடைத்த மாணவன் மேல் டஸ்டர் பறக்கும். உயிரைக் கடவுள் கொடுத்தார் என்று சக ஆசிரியர் ஒருவர் சொன்னதற்கு, மேசையில் குத்திய குத்தில் டீ கிளாஸ் உருண்டு விழுந்து உடைந்தது. "யாரும் கொடுக்கலய்யா! அடிபட்டு, வெந்து, இடி விழுந்து வந்த உசுருய்யா இது!" என்று கத்தினார். எனக்கு அவரைப் பிடிக்கும், பயமும் உண்டு.

அவர் வர்ணிக்கும் ஆதி பூமியில் ஒரு நிமிடம் நிற்க முடியாது. வானத்திலிருந்து பாறைகள் வந்து மோதும், எரிமலைகள் கக்கும், கடல் கொதிக்கும். ஆக்சிஜன் இல்லை. மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி, இவற்றின் மேல் ஓயாத மின்னல். அந்த அடியில் வாயுக்கள் உடைந்து, உடைந்தவை ஒன்றோடொன்று ஒட்டி, உயிருக்கு வேண்டிய அமினோ அமிலங்கள் ஆயின என்பது ஒரு கொள்கை. அமெரிக்காவில் ஒரு மாணவர் அதைக் குடுவைக்குள் மின்பொறி விட்டுச் செய்தும் காட்டியிருந்தார். உயிர் விண்கல்லில் ஏறி வந்தது என்போரும் உண்டு. "அப்ப அங்குட்டு எப்படி வந்துச்சாம்?" என்று இவர் சீறுவார். அதே சோதனையைத் தன் கையால் செய்துகாட்டி, அதைக் கொண்டு பெரிய ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் இடம் பிடிப்பது அவர் கனவு. பம்பு வைத்துக் காற்றை உறிஞ்சி, வாயுக்களை நிரப்பி, குடுவையைத் தயார் செய்தவர் என்னிடம் ஒன்று சொன்னார். "ஒரு மூச்சு காத்து உள்ள போனாலும் இது கடல் இல்லண்ணே, வெடிகுண்டு."

மறுநாள் ஆயுத பூஜை. தராசு, பர்னர், அலமாரி எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பது எங்கள் ஆய்வக வழக்கம். "தராசுக்கும் பொட்டு வைக்கிறீகளா?" என்று கிண்டல் செய்துவிட்டு அவர் வீட்டுக்குப் போய்விட்டார். குடுவையைத் துடைக்கும்போது துணி திருகில் மாட்டி, திருகு திரும்பிவிட்டது. உஸ்ஸென்று ஒரு சத்தம். பதறிப்போய் மூடினேன். சொன்னால் என்னைக் கொன்றுவிடுவார் என்று தோன்றியது. திருகின் காதில் சந்தனத்தை வைத்துவிட்டு, ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

விஜயதசமி காலை அவர் சுவிட்சைத் தட்டினார். நீல நிறத்தில் ஒரே ஒரு பொறி. அடுத்த கணம் அறையே வெடித்தது. ஜன்னல் கண்ணாடிகள் வெளியே பறந்தன, மேசை புரண்டது, அம்மோனியா தொண்டையை அறுத்தது. சுவரில் சாய்ந்து நின்றவரின் இடது கண்ணில் விரலளவு கண்ணாடி செருகியிருந்தது. விரல்களுக்கிடையில் ரத்தம் கொட்ட, கெட்ட வார்த்தையாகத் திட்டிக்கொண்டே இருந்தார், தன்னைத்தான். தூக்கிக்கொண்டு ஓடினேன். மதுரையில் அந்தக் கண்ணை எடுத்துவிட்டார்கள். அஜாக்கிரதை என்று அவர் வேலையும் போனது. விசாரணையில், "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று கையெழுத்துப் போட்டேன். சில்லுகளைக் கூட்டியபோது கிடைத்த திருகு என் சட்டைப்பையில் இருந்தது.

எழுபதுகளின் நடுவில்தான் தைரியம் வந்தது. சிவகங்கையில் டுட்டோரியல் நடத்திக்கொண்டிருந்தார். திருகை அவர் முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அறை விழும் என்று கன்னத்தை இறுக்கிக்கொண்டேன். அவர் திருகை எடுத்து ஒற்றைக் கண்ணுக்கு அருகில் பிடித்தார்.

"தெரியும்ணே. அன்னைக்குக் காலையிலயே காது சாஞ்சு கெடந்துச்சு. சந்தனத்தையும் பாத்தேன். நீங்க தொட்டிருக்கீகன்னு புரிஞ்சுச்சு. மறுபடி காத்த உறிஞ்சணும்னா மதியம் ஆயிரும். ஒம்பது மணிக்குள்ள ஆரம்பிச்சிரு, நல்ல நேரம் போயிரும்னு ஆத்தா சொல்லி அனுப்பியிருந்துச்சு. லேசாத்தான் தெறந்திருக்கும்னு சுவிட்சைத் தட்டிட்டேன்." விரலால் சந்தனத்தைத் தொட்டார். "இந்தச் சந்தனம்தான் நான் ரெண்டு கண்ணாலயும் கடைசியாப் பாத்தது."

திருகை என் உள்ளங்கையில் திருப்பி வைத்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார். ஓங்கி ஒரு அறை கொடுத்திருக்கலாம். இன்றைக்கும் இழுப்பறையைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது அந்தச் சந்தனம்தான். எனக்கு இரண்டு கண்ணாலும் தெரிகிறது.