பின்னால் வந்த ஹாரன்

சளி பிடித்த ஆட்டுக்குட்டி கத்துவது போல ஒரு ஹாரன். என் சகலையின் பழைய மொபெட்டில் இருந்தது. அவர் என் மனைவியின் அக்கா கணவர். திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் பேப்பர் வெட்டும் மெஷினில் வேலை பார்த்தார். பின்னாலிருந்து யாராவது ஹாரன் அடித்தால் மற்றவர்களுக்கு எரிச்சல் வரும். எனக்கு இன்றைக்கும் தைரியம் வருகிறது. அதற்கு அவர்தான் காரணம்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள் அவை. பழைய டிராக்டர் ஒன்றையும், அதன் பின்னால் மாட்டி இழுக்கிற தண்ணீர் டேங்கர் ஒன்றையும் வைத்துக்கொண்டு பட்டாசுக் கம்பெனிகளுக்குத் தண்ணீர் கொடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன். தீபாவளி சீசனில் ஒருநாள், ஒரு கம்பெனியில் பாதித் தண்ணீரை இறக்கிவிட்டு, மீதியோடு ஆனைக்குட்டம் பக்கத்து இறக்கத்தில் வந்தேன். உள்ளே தண்ணீர் அலைமோத, டேங்கர் வாலை ஆட்டத் தொடங்கியது. முதலில் செல்லமாக, பிறகு கோபமாக. எதிரே பெண்கள் நிறைந்த கம்பெனி பஸ். நான் பயந்துபோய்த் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். தலை திரும்பிய பக்கமெல்லாம் ஸ்டியரிங்கும் கூடவே திரும்பியது. குலசாமிக்கு ஒரு கிடா நேர்ந்துகொண்டேன். ஆட்டம் நிற்கவில்லை. இன்னொரு கிடாவைச் சேர்ப்பதற்குள், பஸ் டிரைவர் மண்ணில் இறக்கி ஒதுங்கி எல்லோரையும் காப்பாற்றிவிட்டார். ஜன்னலிலிருந்து ஓர் அம்மா கேட்டார்: "ஏண்ணே, ரோட்டுல கோலமா போடுறீக?"

வீட்டுக்கு வந்து, டிராக்டரை விற்கப் போவதாக அறிவித்தேன். வேறு பிழைப்பு என்ன என்று மனைவி கேட்டாள். அவள் அக்காவுக்குப் போன் போட்டாள். சாயங்காலமே சகலை வந்து நின்றார்.

"விக்கிறத அப்பறம் விக்கலாம் சகலை. மொதல்ல எதுனால ஆடுச்சின்னு பாப்பமா?"

அவருக்கு டிராக்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் பயம் இல்லாதவர் கண்ணுக்குச் சில விஷயங்கள் சீக்கிரம் படுகின்றன. டேங்கரின் வளையத்தையும் டிராக்டரையும் சேர்க்கிற இரும்புப் பின்னைப் பிடித்து ஆட்டினார். லொடலொடவென்றது. பல வருட இழுப்பில் அந்தப் பின் தேய்ந்து மெலிந்திருந்தது, ஓட்டை அகன்றிருந்தது. "அம்புட்டு ஓட்டைக்கு இம்புட்டுக் கம்பி. ஆடாம என்ன செய்யும்?"

மறுநாள் வெல்டிங் பட்டறையில், இருக்கிற கொக்கிகளையெல்லாம் பட்டறைக்காரர் எடுத்துப் போட்டார். நான் இருப்பதிலேயே பெரியதை, லாரிக்கு மாட்டுகிற கொக்கியைக் காட்டினேன். சகலை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கட்டி இழுக்கப் போறது டேங்கரையா, ஆனைக்குட்டம் அணையவா?" கடைசியில் ஓட்டைக்குள் இரும்பு வளையம் அடித்துச் சிறிதாக்கி, அதற்குச் சரியான கனத்தில் பின்னும், அது மேலே எழும்பாமல் பூட்டுகிற கிளிப்பும் எடுத்தோம். தண்ணீர் ஒரே மூச்சில் மோதாதபடி டேங்கருக்குள் தடுப்புத் தகடுகள் வைத்தோம். என் மனம் அப்போதும் அடங்கவில்லை. அந்தப் பின் உடைந்தாலும் டேங்கரைப் பிடித்துக்கொள்ளட்டும் என்று, கோயில் தேர்வடம் போல இரண்டு சங்கிலிகள் வாங்கித் தொங்கவிட்டேன். அவை ரோட்டில் உரசிக்கொண்டே வந்தன.

"பட்டாசுக் கம்பெனிக்குத் தண்ணியோட தீப்பொறியும் சப்ளையா சகலை?"

எனக்கு வேர்த்துவிட்டது. கல்லில் இரும்பு உரசக் கூடாது என்பது இங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். சங்கிலி வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. தரையில் படாத அளவுக்குச் சுருக்கி, பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டிக்கொடுத்தார்.

எல்லாம் ஆனபிறகும் டிராக்டரில் ஏற எனக்குக் கால் வரவில்லை. சீசன் நேரத்தில் லீவு போட்டு மொபெட்டோடு வந்திருந்தார் சகலை.

"பாதித் தண்ணியோடவே போவோம். ஆடுறதா இருந்தா இன்னைக்கே ஆடட்டும். நீங்க மட்டும் திரும்பிப் பாக்காதீக. நான் டேங்கருக்குப் பின்னாடியே வாறேன். நேரா வந்தா ஹாரன் அடிச்சிக்கிட்டே இருப்பேன். ஆடுச்சின்னா நிப்பாட்டிருவேன்."

"நிப்பாட்டுனா நான் என்ன செய்ய?"

"ஆக்சிலேட்டர விட்டுட்டு ஸ்டியரிங்க நேராப் பிடிங்க. கிடா நேர்றத அப்பறம் வச்சுக்கிடலாம்."

இறக்கம் வந்தது. கியரைக் குறைத்து இறங்கினேன். பின்னால் ஆட்டுக்குட்டி கத்திக்கொண்டே வந்தது. பாதி இறக்கத்தில் சட்டென்று நின்றது. என் உயிரும் கூடவே நின்றது. கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. பல்லைக் கடித்து அதை நிறுத்தினேன். ஆக்சிலேட்டரை விட்டேன். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தேன். டேங்கர் சாதுவாக வந்தது. கொஞ்ச தூரம் போனதும் ஹாரன் மறுபடி கேட்டது.

கீழே நிறுத்தி, ஏன் ஹாரனை நிறுத்தினீர்கள் என்று சண்டைக்குப் போனேன். "தும்மல் வந்துச்சு சகலை" என்றார் மூக்கைத் துடைத்துக்கொண்டு. அது உண்மையான தும்மல்தானா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. டேங்கர் ஒருவேளை புரண்டிருந்தால், அதற்குப் பின்னால் மொபெட்டில் வந்தவர் என்ன ஆகியிருப்பார் என்பதே எனக்கு அன்று ராத்திரி படுத்தபிறகுதான் உறைத்தது.

அந்த டேங்கரை வைத்துத்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். மொபெட்டை அவர் எப்போதோ விற்றுவிட்டார், முழங்கால் ஒத்துழைக்கவில்லை. போன மாதம் சூலக்கரையில் ஆபீஸ் வேலை ஒன்றுக்காக அவரை என் காரில் கூட்டிப்போனேன். பின் சீட்டில் உறங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன். வழியில் அந்த ஆனைக்குட்டம் இறக்கம் வந்ததும், பின்னாலிருந்து வாயாலேயே ஆட்டுக்குட்டிக் குரலில் ஹாரன் அடிக்க ஆரம்பித்தார். கீழே போய்ச் சேரும்வரை நிறுத்தவில்லை.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.