வாழ்ந்து பார்க்கப் போன ஒரு மாதம்

சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் நான் கௌரவ விரிவுரையாளர். வரலாறு நடத்துகிறேன். கௌரவம் பெயரில் மட்டும்தான். ஒவ்வொரு ஆண்டும் கல்லூரி திறக்கும்போது, இந்த வருடம் எனக்கு வகுப்பு உண்டா என்று துறைத் தலைவரின் அறை வாசலில் நின்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். என் மனைவி கடலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியர். அவளுடையது நிரந்தர வேலை. ஒரே மகள், அப்போது ஐந்தாம் வகுப்பு முடிக்கும் நேரம்.

அயர்லாந்துக்கே குடிபோய்விடலாம் என்ற பேச்சைத் தொடங்கியவன் என் மனைவியின் தம்பி. அவனும் செவிலியர்தான். அங்கே ஒரு சிறிய ஊரில், முதியோர் இல்லத்தில் வேலை.

"அக்காவுக்கு இங்க வேலைக்குப் பஞ்சமே இல்ல மாமா. நீங்க வந்தா உங்களுக்கும் ஏதாச்சும் அமையும்" என்று போனில் பேசும்போதெல்லாம் சொல்வான்.

அந்த 'ஏதாச்சும்' என்ற சொல்தான் என்னைப் பயமுறுத்தியது. நாற்பதைத் தாண்டி, சோழர் நிர்வாகத்தையும் பல்லவர் கலையையும் தவிர வேறெதுவும் தெரியாதவன் அங்கே போய் என்ன செய்வது? நான் தயங்குவதைப் பார்த்து வழி கண்டுபிடித்தவள் மனைவிதான்.

"மே மாசம் லீவுல தம்பி வீட்டுல போயி ஒரு மாசம் இருந்து பாக்கலாங்க. சுத்திப் பாக்க இல்ல. குடும்பம் நடத்திப் பாக்க. ஒத்து வந்தா மேற்கொண்டு யோசிப்போம். வரலன்னா திரும்பிடுவோம்."

அதன் பிறகு வீட்டில் வேறு பேச்சே இல்லை. அங்கே போனால் யார் என்ன செய்வது என்று மூன்று பேரும் பிரித்துக்கொண்டோம். தம்பியின் காரில் ஏறக் கூடாது, பேருந்தில்தான் போக வேண்டும் என்றாள் மனைவி. கடைக்குத் தானே போய்ச் சமைக்கும் பொருள் வாங்கி வருவதாகவும், தம்பி வேலை பார்க்கும் இடத்தை ஒரு தடவை நேரில் பார்ப்பதாகவும் சொன்னாள். நான் அங்கே என்ன படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று விசாரிக்க வேண்டும். மகள் அங்குள்ள பிள்ளைகளோடு பேசிப் பார்க்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரிச் சந்தைக்குப் போய் மூவருக்கும் ஸ்வெட்டர் வாங்கினோம். சிதம்பரம் வெயிலில் மகள் அதைப் போட்டுக்கொண்டு, வேர்த்து வழிய, கழற்ற மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தாள்.

விசாவுக்காகச் சென்னைக்குப் போனோம். போகிறவர்கள் திரும்பி வருவார்கள் என்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள். மனைவிக்கு மருத்துவமனையில் விடுப்புக் கடிதம் கொடுத்தார்கள். எந்தத் தேதியில் வேலைக்குத் திரும்புவாள் என்பதும் அதில் இருந்தது. எனக்கு யார் கொடுப்பார்கள்? ஏப்ரலோடு என் ஒப்பந்தம் முடிகிறது. ஜூனில் நான் கல்லூரியில் வேலையில் இருப்பேன் என்று எழுதித் தர யாருக்கும் அதிகாரம் இல்லை. இதுவரை பல வருடம் பார்த்த வேலைக்கான சான்றிதழ்களை அடுக்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மனைவிக்கும் மகளுக்கும் விசா வந்தது. எனக்கு மறுத்துவிட்டார்கள். நான் ஊர் திரும்புவேன் என்று நம்பப் போதுமான காரணம் இல்லை என்று மின்னஞ்சலில் இருந்தது. நிரந்தர வேலை இல்லை என்பதால்தான் இந்த ஊரைவிட்டுப் போக நினைத்தோம். அதே காரணத்தால்தான் போகவும் முடியவில்லை. மகள் அழுதாள். மனைவி டிக்கெட்டை ரத்து செய்துவிடலாம் என்றாள்.

"நீயும் பாப்பாவும் போய்ட்டு வாங்க. நீ பாத்தா நான் பாத்த மாதிரிதான்" என்றேன்.

போனார்கள். அந்த மே மாதம் முழுக்க நான் கடலூருக்கு விடைத்தாள் திருத்தப் போய்வந்தேன். மாலையில் திரும்பும் பேருந்து ஆலப்பாக்கம் தாண்டும்போது பெரும்பாலும் போன் வரும். மகள்தான் நிறையப் பேசுவாள். மனைவி "சாப்டீங்களா? தண்ணி நெறைய குடிங்க" என்று முடித்துவிடுவாள். ஊர் எப்படி இருக்கிறது என்று கேட்டால், "இருக்கு" என்பாள்.

திரும்பி வந்ததும் அவள் சொன்ன முடிவு ஒரே வரிதான். "குளிரு ஜாஸ்திங்க. ஆளுங்களும் ஒட்ட மாட்டேங்குறாங்க. நமக்குச் சரிப்படாது."

எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. யாராலும் என்னைக் குறை சொல்ல முடியாத ஒரு முடிவு கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

சில நாள் கழித்து, மகளுக்கு மதியச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தேன். மனைவி வேலைக்குப் போயிருந்தாள். தட்டைப் பார்த்தபடியே மகள் சொன்னாள்: "அங்க அம்மா சமைக்கறப்ப பாட்டுப் பாடுவாங்கப்பா."

எங்கள் வீட்டில் அவள் பாடி நான் கேட்டதே இல்லை.

"மாமா வேல பாக்குற எடத்துக்குப் போனோம்ல, அங்க ஒரு மேடம் அம்மா கையப் புடிச்சிக்கிட்டு விடவே இல்ல. எப்ப வந்து சேர்றீங்கன்னு கேட்டாங்க. அம்மா சிரிச்சாங்க. வெளிய வந்து அழுதாங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவளிடம் நேரடியாகக் கேட்டேன். "உனக்கு அந்த ஊரு புடிச்சிருந்துதா?"

அவள் ஈரத் துணியை உதறினாள். "பாப்பா சொன்னாளா?"

"நீயும் அவளும் மொதல்ல போங்க. நீ வேலையில சேந்துட்டு, அப்புறம் என்னக் கூப்டுக்க. அப்டிக் கூப்ட வழி இருக்குன்னு உன் தம்பியே சொல்றான்."

"எத்தன வருசத்துல?"

நான் வாளியிலிருந்து ஒரு துணியை எடுத்துப் பிழிந்தேன்.

"எங்க அப்பா துபாய்ல இருந்தாரு. கம்மாபுரத்துல நாங்க இருந்தோம். லீவுல வந்தா எங்களுக்குக் கூச்சமா இருக்கும், கிட்டப் போக மாட்டோம். நாங்க பழகறதுக்குள்ள அவரு கெளம்பிடுவாரு. அந்த வாழ்க்கைய எங்க அம்மா வாழ்ந்து முடிச்சிட்டாங்க. என் பொண்ணுக்கு வேணாங்க."

"அப்ப குளிருன்னு ஏன் சொன்ன?"

"வேற என்ன சொல்றது? உங்களாலதான் முடியலன்னா?"

இருவரும் மிச்சத் துணியையும் சேர்ந்து உலர்த்தினோம். அவள் பொய் சொன்னபோது இருந்த நிம்மதி, உண்மை தெரிந்ததும் போய்விட்டது.

அடுத்த முறை பேசியபோது மைத்துனன் விடவில்லை. "மறுபடி ஒரு தடவ விசாவுக்குப் போட்டுப் பாப்போம் மாமா." மனைவி என் கையிலிருந்து போனை வாங்கி, "வேணாம்டா, இதோட வுடு" என்றாள். அதோடு அவன் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டான்.

கல்லூரி திறந்தது. எனக்குப் பாதி வகுப்புதான் கொடுத்தார்கள். மீதியைப் புதிதாக வந்த ஒருவருக்குக் கொடுத்துவிட்டதாகத் துறைத் தலைவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் கேட்டுக்கொண்டே பையைத் தோளில் மாட்டினாள்.

"அப்ப நான் நைட் ஷிப்டும் சேத்து எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு நடந்தாள்.