மருமகள் அறை ஜன்னல்

கோடை வந்துவிட்டால் சித்தீகாவுக்கு உட்காரத் தெரியாது. ஈரானின் யஸ்த் நகரத்து வெயில் முற்றத்தில் இறங்குமுன் கனத்த திரைகளை இழுத்துவிடுவாள். மொட்டைமாடி ஏறி, தண்ணீரால் காற்றைக் குளிர்விக்கும் கூலருக்கு நிழலாகக் கட்டிய சாக்குப் பந்தல் நழுவியிருக்கிறதா என்று பார்ப்பாள். சூடு ஏறுமுன் சமைத்து முடித்து அடுப்பை அணைத்துவிடுவாள்.

இந்த ஆண்டு இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. மருமகள் அறை ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்து வைக்க வேண்டும். திறந்துவிட்டு வந்து தேநீரை வாயில் வைப்பதற்குள் அது மூடியிருக்கும்.

மருமகள் ஷஹ்லா பந்தர் அப்பாஸ் கடற்கரைக்காரி; கைக்குழந்தையோடு இந்த வசந்தத்தில்தான் இந்த வீட்டுக்கு வந்தாள். இங்கே கூலர் ஓடியும் அவள் அறை ஈரக் கம்பளிபோல் கனத்தது. கைக்குழந்தையின் கழுத்தெல்லாம் வேர்க்குரு. கோடை முடியும்வரை பிறந்த வீட்டில் இருக்கிறேன் என்று அப்பாவை வரச் சொல்லிவிட்டாள். நாளைக் காலை வருகிறார். போனவள் திரும்புவாள் என்ற நம்பிக்கை சித்தீகாவுக்கு இல்லை. சுரங்க வேலையில் இருக்கும் மகனோ, நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்று போனில் நழுவிவிட்டான்.

பிற்பகலில் சித்தீகா மறுபடி ஜன்னலுக்குக் கை நீட்டியபோது, ஷஹ்லா பையில் துணி அடுக்குவதை நிறுத்தினாள்.

"எம்மேல மீன் நாத்தம் அடிக்குதா அத்தை? வந்த நாள்லேர்ந்து என் ரூமைத்தான் தொறந்து தொறந்து விடறீங்க."

சித்தீகா நீட்டிய கையை இறக்கினாள். ஜன்னல் திறப்பது அவள் பிறந்ததிலிருந்து செய்கிற காரியம். யாருக்கும் விளக்க வேண்டி வந்ததில்லை. மருமகள் அதை மூடுவது பிடிவாதம் என்றுதான் நினைத்திருந்தாள். பக்கத்து வீட்டிலும் அப்படியே சொல்லி வைத்திருந்தாள்.

"அட போடி. கூலர்லேர்ந்து வர்றது ஈரக்காத்து. அது வெளிய போனாத்தானே புதுக் காத்து உள்ள வரும்? அடைச்சு வெச்சா ஆவியில வேக வேண்டியதுதான்."

"இத மொத நாளே சொல்றதுக்கென்ன?"

"உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"எங்க ஊர்ல ஏசி ஓடறப்ப ஜன்னலத் தொறந்தா அப்பா செருப்பத் தூக்குவார்."

ஷஹ்லா தானே ஜன்னலை இரண்டு விரல் திறந்து, இடுக்கில் கையை வைத்துப் பார்த்தாள். விரல்களுக்கிடையே காற்று வெளியேறிக்கொண்டிருந்தது. அப்படியே விட்டாள். கொஞ்ச நேரத்தில் அறையின் கனம் குறைந்தது. சிணுங்கிக்கொண்டே இருந்த குழந்தை கண்ணயர்ந்தது.

அப்புறம் அப்பாவுக்குப் போன் செய்தாள். வருவதானால் ரெண்டு நாள் தங்குகிற மாதிரி வரச் சொன்னாள்.

"கூட்டிட்டுப் போறத அப்புறம் பாக்கலாம்பா."

பை பிரிக்கப்படவுமில்லை, மூடப்படவுமில்லை. அந்தப் 'பாக்கலாம்' சித்தீகாவின் காதில் விழுந்தது. இரண்டு நாளில் என்ன மாறிவிடும், என்ன மாறாது என்று எண்ணிப் பார்த்தாள். சம்பந்திக்கு என்ன சமைப்பது என்று கேட்கப் போனவள், குழந்தை தூங்குவதைப் பார்த்துக் கேட்காமலே திரும்பி நடந்தாள்.