ஆஸியாவுக்குக் கேட்ட குரல்

என் கணவர் இத்ரூஸுக்கு இதைப் பற்றிப் பேசுவது பிடிக்காது. ஆனால் நடக்கவில்லை என்று மட்டும் அவரும் சொல்ல மாட்டார். 1996இல், அலுவிகாரையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில், என் கண் முன்னால் நடந்தது இது.

எங்களுக்கு ஒரே பிள்ளை, ஆஸியா. எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது மூளைக்காய்ச்சல் வந்தது. உயிர் தப்பியது, காது போய்விட்டது. காதில் விழாத சொல் வாயில் வராது. ஐந்து வயதாகியும் அவள் ஒருமுறைகூட என்னை உம்மா என்று கூப்பிட்டதில்லை.

அந்த வருடம்தான் கிளினிக்கில் காது மெஷின் கொடுத்தார்கள். நெஞ்சில் தொங்கும் சின்னப் பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஒரு வயர். அங்கிருந்த மிஸ் எனக்குப் பொறுமையாக விளங்கப்படுத்தினார். மெஷின் புதிதாகக் காதைத் தராது, சத்தத்தைப் பெரிதாக்கும், அவ்வளவுதான். காதில் கொஞ்சமாவது உயிர் மிச்சம் இருந்தால் பிள்ளை மெல்ல மெல்லக் கேட்கப் பழகும். நரம்பு முழுதாகச் செத்திருந்தால் பலன் இல்லை. சத்தத்துக்குத் திரும்புகிறாளா என்று வீட்டில் கவனிக்கச் சொன்னார்.

நான் தட்டை அடித்தேன். மணி ஆட்டினேன். அவள் காதருகே குனிந்து உம்மா, உம்மா என்று தொண்டை வலிக்கச் சொன்னேன். ஒன்றுக்கும் அசையவில்லை.

பிறகு ஒருநாள் பொழுது சாய்ந்ததும் மஃரிப் தொழுதுவிட்டு எழும்பினேன். ஆஸியா சட்டென்று தலையைத் திருப்பினாள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அடுத்த நாள் இனிப்பாக வட்டிலாப்பம் செய்து அயல் வீடுகளுக்குக் கொடுத்தேன். பக்கத்து வீட்டு மஸீனா மாமி, பிள்ளை எந்தப் பக்கம் திரும்பினாள் என்று கேட்டார். முன்கதவுப் பக்கம் என்றேன். மாமி அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதன் பின் தினமும் திரும்பினாள். ஆனால் மஃரிபுக்குப் பிறகு மட்டும். முன்கதவை நோக்கி மட்டும். அவள் முதுகுக்குப் பின்னால் நான் சட்டியைக் கீழே போட்டாலும் திரும்பமாட்டாள். கதவுக்கு வெளியே போய்ப் பார்ப்பேன். யாரும் இருக்க மாட்டார்கள்.

அன்று இத்ரூஸ் லொறியோடு தம்புள்ளைக்குப் போயிருந்தார். நல்ல மழை. கரண்ட் இல்லை. மணி ஏழு இருக்கும். ஈரம் பட்டால் மெஷின் கெட்டுவிடும் என்று அதைக் கழற்றி அலுமாரியில் வைத்துப் பூட்டியிருந்தேன்.

ஆஸியா பாயில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

திரும்பினாள்.

காதில் மெஷின் இல்லை... ஆனாலும் திரும்பினாள். எழும்பிக் கதவருகே போனாள். யாரோ மெதுவாகப் பேசுவதைக் கேட்பதுபோலத் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றாள்.

நான் விளக்கை உயர்த்திப் பிடித்தேன்.

கதவு ஆடிக்கொண்டிருந்தது.

வெளியிலிருந்து யாரோ இரண்டு கையாலும் அடிப்பதுபோல, பலகை உள்ளே தள்ளித் தள்ளி வந்தது. தாழ்ப்பாள் துள்ளியது. ஆனால் சத்தம் இல்லை. கூரையில் விழும் மழை கேட்டது. என் மூச்சு கேட்டது. கதவில் மட்டும்... ஒரு சின்னச் சத்தமும் இல்லை.

ஆஸியாவின் வாய் திறந்தது.

"ராத்தா..."

என் பிள்ளையின் முதல் சொல்.

"ராத்தா... கதவத் தொறங்க..."

ராத்தா என்றால் அக்கா. எங்கள் வீட்டில் யாரும் யாரையும் அப்படிக் கூப்பிடுவதில்லை.

அவள் கை தாழ்ப்பாளுக்குப் போனது.

பாய்ந்து அவளைத் தூக்கினேன். அறைக்குள் ஓடினேன். என் நெஞ்சில் அவள் திமிறினாள். அதையே சொன்னாள். திரும்பத் திரும்ப...

பிறகு நிறுத்திவிட்டாள்.

விடிந்ததும் மஸீனா மாமி வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். எங்களுக்கு முன் அந்த வீட்டில் இருந்த பெண்ணைப் பற்றி மாமி சொன்னார். எண்பத்தொன்பதில் ஒரு மாலை, மஃரிப் நேரம், அவளுடைய தம்பி அப்துல் ஸமத் ஓடிவந்து அந்தக் கதவை அடித்திருக்கிறான். இளைஞர்களை ஆமி பிடித்துக்கொண்டுபோன காலம் அது; பின்னால் அவர்களுடைய ஜீப் வந்திருக்கிறது. உள்ளே மூன்று குழந்தைகளோடு இருந்தவள் பயத்தில் திறக்கவில்லை. தெருவிலும் யாரும் திறக்கவில்லை. அவனை ஏற்றிக்கொண்டு போனார்கள். போனவன் திரும்பவில்லை.

"என்ன சொல்லிக் கூப்பிட்டான் மாமி?" என்று கேட்டேன்.

"அதத்தான் ஒங்கட புள்ளையும் சொல்லிட்டாளே."

அந்தக் கிழமையே பல்லேபொலவுக்கு வீடு மாறினோம். புது வீட்டில் ஆஸியா எந்தப் பக்கமும் திரும்பவில்லை. மெஷினை விடாமல் போட்டுப் பார்த்தேன். அவள் பேசவும் இல்லை.

அடுத்த வருடம் கொழும்பில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவளைத் தூங்கவைத்து, தலையில் வயர் ஒட்டிச் சோதித்தார்கள். இரண்டு காதிலும் நரம்பு முழுதாகச் செத்திருக்கிறது என்றார் டொக்டர்.

"காய்ச்சலுக்குப் பிறகு இவளுக்கு ஒரு சத்தமும் கேட்டிருக்காது. மெஷின் போட்டும் கேட்டிருக்காது. இனியும் கேக்காதும்மா."

அவள் பேசினாளே என்றேன். எத்தனையோ முறை கேட்டுப் பழகாமல் ஒரு பிள்ளைக்குச் சொல் வராது, எனக்குத்தான் அப்படித் தோன்றியிருக்கும் என்றார்.

மெஷினைக் கிளினிக்கில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆஸியா இப்போது குமரிப்பிள்ளை. நான் பேசும்போது என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

சில மாலைகளில், இத்ரூஸுக்குத் தெரியாமல் அவளைக் கூட்டிக்கொண்டு அலுவிகாரைக்கு பஸ் ஏறலாமா என்று நினைக்கிறேன். என் மகளுக்குக் கேட்ட ஒரே குரல் அந்தக் கதவுக்கு வெளியேதான் நிற்கிறது.